மூன்று துண்டாகக் கிழிந்த கறுப்பு வெள்ளைப் படம்: முகம் மாறாமல் சரிசெய்வது எப்படி?

தாழ்வாரம்

வணக்கம். 9 × 12 செ.மீ. அளவுள்ள கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைச் சீரமைத்து, 8 × 10 அங்குலத்தில் பிரிண்ட் போட வேண்டும். படத்தின் நிலை இதுதான்:

படம் மூன்று துண்டு. இரண்டைப் பின்பக்கம் செல்லோடேப் போட்டு ஒட்டியிருக்கிறார்கள், அதுவும் சற்று விலகி. மூன்றாவது துண்டு தனியாக இருக்கிறது. டேப்பின் பசை முன்பக்கம் வரைக்கும் மஞ்சளாக ஊறியிருக்கிறது. கீழ் மூலையில் தண்ணீர்க் கறை, அதன் ஓரத்தில் பழுப்புக் கோடு. கறுப்பான இடங்களைச் சாய்த்துப் பார்த்தால் ஈயம் பூசியதுபோல நீலச் சாயலில் மினுங்குகிறது. ஒரு மடிப்பு முகத்தில் சரியாக இடது கண்ணின் மேல் ஓடுகிறது.

இதுவரை செய்தது: 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), கிரேஸ்கேல் (நிறமின்றிச் சாம்பல் அளவு மட்டும்), ஜேபெக்காக ஸ்கேன் செய்து ஃபோட்டோஷாப்பில் திறந்தேன். பழுதை மறைக்கும் ஹீலிங் பிரஷ் கன்னத்தில் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் தலைமுடி ஓரத்திலும் சட்டைக் காலரிலும் கறுப்பை இழுத்து ஈஷிவிடுகிறது. தானாகச் சரிசெய்யும் ஏஐ கருவி ஒன்றில் கொடுத்தால் முகம் பளிச்சென்று வருகிறது, ஆனால் அது வேறு யாரோ. உதட்டோரத்து மச்சம்கூடக் காணாமல் போய்விட்டது.

எங்கே தவறு? டேப்பை உரித்துவிட்டு மறுபடி ஸ்கேன் செய்யலாமா?

---

இருட்டறை

டேப்பைத் தொடாதீர்கள். பழைய டேப் காகித நாரையும் பிய்த்துக்கொண்டு வரும். அது பின்பக்கம் இருப்பதால் ஸ்கேனுக்கு எந்த இடைஞ்சலும் இல்லை. விலகி ஒட்டியிருப்பதைக் கணினியில் வெட்டி நகர்த்திக்கொள்ளலாம்.

உங்கள் சிக்கலில் பாதி ஸ்கேனிலேயே தொடங்கிவிட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள். படத்தில் முகம் சுமார் 2 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொண்டால் கருவிழி 1 மி.மீ. அகலம்தான் வரும். 300 டிபிஐயில் அது 12 பிக்சல். அதன் மேல் 0.3 மி.மீ. மடிப்பு ஓடினால் 3, 4 பிக்சல் போய்விட்டது. மிச்சமிருக்கும் 8 பிக்சலில் கண்ணை எப்படி மீட்பது? 1200 டிபிஐயில் அதே கருவிழி 47 பிக்சல், மடிப்பு 14 பிக்சல். பிரஷ்ஷுக்கு ஓரம் எது, விரிசல் எது என்று பிரித்துப் பிடிக்க இடம் கிடைக்கும். பழைய பிரிண்ட்டில் 600 டிபிஐக்கு மேல் புதிய விவரம் பெரும்பாலும் இருக்காது என்பது உண்மைதான். ஆனால் விரிசல்களின் ஓரம் கூர்மையாகத் தெரிவது பழுதுபார்க்கும் வேலைக்கு அவ்வளவு உதவும். வேலை முடிந்தபின் சிறிதாக்கிக்கொள்ளலாம்.

அடுத்தது கிரேஸ்கேல். கறுப்பு வெள்ளைப் படமாக இருந்தாலும் வண்ணத்தில்தான் ஸ்கேன் செய்ய வேண்டும், அதுவும் கறை இருந்தால் கட்டாயமாக. மஞ்சளும் பழுப்பும் நீல ஒளியை விழுங்குபவை. அதனால் டேப் கறை, தண்ணீர்க் கறை இரண்டும் நீலச் சேனலில் (படத்தின் நீல நிறப் பங்கு மட்டும்) கறுப்பாகத் தெரியும், பச்சையில் கொஞ்சம், சிவப்பில் ஏறக்குறைய மறைந்தே போகும். ஸ்கேனை வண்ணத்தில் எடுத்துவிட்டு சேனல் மிக்ஸர் லேயர் (படத்தின் மேல் வைக்கும் தனி அடுக்கு) போட்டு, மோனோகுரோமை டிக் செய்து, சிவப்பு 100, பச்சை 0, நீலம் 0 என்று வையுங்கள். இரண்டு நாள் பிரஷ் வேலை ஒரே சொடுக்கில் குறையும். கிரேஸ்கேலில் எடுத்தால் மூன்று சேனலும் கலந்தே வருகிறது, பிறகு பிரிக்க வழியில்லை. படத்தின் மேல் நீல மை பட்டிருந்தால் இதற்கு நேர்மாறு: அங்கே நீலச் சேனலைப் பாருங்கள்.

16 பிட் டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். மங்கிய படத்தில் உண்மையான கறுப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை. 8 பிட்டின் 256 படிகளில் 80 முதல் 190 வரை மட்டும்தான் பயனாகிறது என்றால் கையில் இருப்பது 110 படி. அதை முழு அளவுக்கு இழுத்தால் இடையில் ஓட்டை விழுந்து, கன்னத்திலும் பின்னணியிலும் பட்டை பட்டையாகக் கோடு தெரியும். 16 பிட்டில் 65,536 படி இருப்பதால் எவ்வளவு இழுத்தாலும் தாங்கும். ஜேபெக்கின் குறை வேறு. அது 8 × 8 பிக்சல் கட்டங்களாகச் சுருக்குவதால் விரிசல் ஓரங்களில் அலை அலையாக அழுக்கு சேரும், ஹீலிங் பிரஷ் அந்த அழுக்கையும் சேர்த்தே நகலெடுக்கும். 9 × 12 படம் 1200 டிபிஐ, 16 பிட் வண்ணத்தில் சுமார் 145 எம்பி வரும். அதற்குத் தயங்க வேண்டாம்.

ஸ்கேனர் மென்பொருளில் ஆட்டோ கரெக்‌ஷன், ஷார்ப்பனிங், தூசி நீக்கம் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். அகச்சிவப்பு வைத்துத் தூசி நீக்கும் வசதி வண்ண நெகட்டிவுக்கானது. வெள்ளித் துகள் அகச்சிவப்பை மறைப்பதால் கறுப்பு வெள்ளை நெகட்டிவில்கூட அது குழம்பும், காகிதப் படத்துக்கு அது வேலைக்கே ஆகாது.

துண்டுகளை வைக்கும்போது எல்லாத் துண்டுகளும் ஒரே திசையில், படத்தில் எப்படி இருந்தனவோ அப்படியே, இடையில் ஒரு செ.மீ. இடைவெளி விட்டு. ஸ்கேனர் விளக்கு ஒரு பக்கத்திலிருந்துதான் அடிக்கும். ஒரு துண்டைத் திருப்பி வைத்தால் காகிதச் சொரசொரப்பின் நிழல் எதிர்த்திசையில் விழும், சேர்த்தபின் அந்தத் துண்டு மட்டும் தனியாகத் தெரியும். பின்னால் கறுப்புத் தாள் வையுங்கள், கிழிந்த ஓரம் தெளிவாக விழும்.

தூசிக்கு ஊதுபந்து, மென்மையான பிரஷ், அவ்வளவுதான். ஈரத் துணி கூடவே கூடாது. தண்ணீர் பட்ட படத்தில் பூஞ்சை இருக்க வாய்ப்பு அதிகம். பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரையும் நிலைக்கு வந்திருக்கும், துடைத்தால் முகமே துணியோடு வந்துவிடும்.

---

ஒட்டுத்தையல்

இருட்டறை சொன்னபடி ஸ்கேன் வந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

முதலில் துண்டுகளைச் சேர்ப்பது. ஒவ்வொரு துண்டையும் தனி லேயராக வெட்டுங்கள். டேப்பில் ஒட்டியிருக்கும் இரண்டையும் கிழிசல் வழியே பிரித்துவிடுங்கள். எல்லாவற்றையும் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் (மூலப் பிக்சலைக் கெடாமல் வைத்திருக்கும் லேயர்) ஆக்கிவிட்டுச் சுழற்றுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை சுழற்றும்போதும் பிக்சல்கள் மறுபடி கணக்கிடப்பட்டு, நாலாவது முயற்சியில் படம் மெழுகுபோல ஆகியிருக்கும்.

கிழிந்த ஓரத்தை உற்றுப் பாருங்கள். காகிதம் நேர்செங்குத்தாகக் கிழியாது, சரிவாகக் கிழியும். ஒரு துண்டில் படம் ஓரம் வரை இருக்கும். எதிர்த்துண்டில் ஒரு மி.மீ. அகலத்துக்கு வெள்ளை நார் உதடு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். படம் ஓரம் வரை உள்ள துண்டின் லேயரை மேலே வையுங்கள், வெள்ளை உதடு அடியில் மறைந்துவிடும். கிழிசல் வழியிலேயே திசை மாறினால், அதாவது பாதி தூரம் இந்தத் துண்டில் வெள்ளை, மீதி தூரம் அந்தத் துண்டில் வெள்ளை என்றால், மாஸ்க் (லேயரின் ஒரு பகுதியை அழிக்காமல் மறைக்கும் திரை) போட்டு அந்தந்த இடத்தில் வெள்ளையை மட்டும் மறையுங்கள். இதைப் பொறுமையாகச் செய்தால் கிழிசலில் முக்கால்வாசி பிரஷ்ஷே தொடாமல் மூடிவிடும். உண்மையான படம் உண்மையான படத்தோடு சேருகிறது, எதையும் புதிதாக வரைய வேண்டியதில்லை.

பொருத்தும்போது கிழிசல் ஓரத்தை நம்பாதீர்கள், நார் பிய்ந்து அது ஏமாற்றும். கிழிசலைக் கடந்து போகும் நேர்க்கோடுகளைப் பிடியுங்கள்: காலர், நாற்காலிக் கை, சுவரின் விளிம்பு. ஈரத்தில் ஊறிய துண்டு சற்று உப்பியிருந்தால் வார்ப் (படத்தை வளைத்து இழுப்பது) கொஞ்சமாக. முகம் இருக்கும் துண்டில் மட்டும் வார்ப் வேண்டாம்.

அடுத்து நிறம். பலர் இங்கேதான் வரிசை மாறிவிடுகிறார்கள். கோடுகளை முதலில் அழித்துவிட்டு, பிறகு கறையைச் சரிசெய்யப் பார்ப்பார்கள். அப்போது அழித்த இடமும் கறையும் இரண்டு விதமாக மாறும். ஹீலிங் என்பதே பக்கத்து நிறத்தைக் கலப்பதுதான். ஆகவே பக்கத்து நிறம் முதலில் சரியாக இருக்க வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் தனி கர்வ்ஸ் (வெளிச்சம், நிழல் அளவை மாற்றும் லேயர்), அந்தத் துண்டை மட்டும் பாதிக்கும்படி கிளிப் செய்து. துண்டுகள் தங்களுக்குள் ஒத்துப்போன பிறகு மொத்தத்துக்கும் ஒரு கர்வ்ஸ்.

தண்ணீர்க் கறையின் பழுப்புக் கோடு சிவப்புச் சேனலிலும் கொஞ்சம் மிஞ்சும். அதற்கு கர்வ்ஸ் லேயரும் மாஸ்க்கும். கறைக் கோடு வெளிப்பக்கம் கூர்மையாக நிற்கும், உள்பக்கம் மெல்ல மங்கும். மாஸ்க்கும் அப்படியே இருக்க வேண்டும்: வெளி ஓரத்துக்கு ஹார்ட்னஸ் (பிரஷ் ஓரத்தின் கூர்மை) 70, 80 உள்ள பிரஷ், உள் ஓரத்துக்கு 0. இரண்டு பக்கமும் மென்மையாகப் போட்டால் கறையைச் சுற்றி வெளிர் வளையம் விழும்.

இனி உங்கள் நேர்க்கேள்வி, காலரில் ஏன் ஈஷுகிறது. ஹீலிங் பிரஷ் தொட்ட இடத்தின் சுற்றுவட்ட நிறத்தை உள்ளே இழுக்கும். பிரஷ்ஷின் ஓரம் கறுப்பு முடியைத் தொட்டால் அந்தக் கறுப்பும் சேர்ந்து வரும். அதன் இயல்பே அது. இரண்டு வழி உண்டு. லாசோ என்ற வரைந்து தேர்ந்தெடுக்கும் கருவியால் காலரின் விளிம்பை ஒட்டித் துல்லியமாக ஒரு செலக்‌ஷன் போட்டு, மற்ற பக்கங்களில் தாராளமாக இடம்விட்டு, அதற்குள் மட்டும் ஹீலிங் செய்யுங்கள். செலக்‌ஷனுக்கு வெளியே உள்ள நிறம் உள்ளே வராது. இல்லையென்றால் விளிம்பை மட்டும் முதலில் குளோன் ஸ்டாம்ப்பால் (ஓரிடத்தை அப்படியே நகலெடுத்து ஒட்டும் கருவி) கட்டுங்கள், ஹார்ட்னஸ் 50 முதல் 70. விளிம்பு நின்றபின் இரு புறமும் ஹீலிங். எல்லாமே தனியான வெற்று லேயரில், சாம்பிள் என்ற இடத்தில் கரண்ட் அண்ட் பிலோ வைத்துச் செய்யுங்கள். மூலப் படம் அடியில் தொடப்படாமல் இருக்கட்டும்.

தலைமுடிபோல நுண் விரிசல்கள் நூற்றுக்கணக்கில் இருந்தால் ஒவ்வொன்றாக அழிக்க வேண்டாம். படத்தின் நகல் லேயரில் டஸ்ட் அண்ட் ஸ்க்ராட்சஸ், ரேடியஸ் 3 அல்லது 4, த்ரெஷோல்ட் 10 முதல் 20. அந்த லேயரின் கலப்பு முறையை டார்க்கன் ஆக்குங்கள். சுற்றுப்புறத்தைவிட வெளுப்பான புள்ளிகள் மட்டும் மறையும், கறுப்பு விவரம் அப்படியே நிற்கும். கறுப்புப் புள்ளிகளுக்கு லைட்டன். மாஸ்க்கை முழுக்கக் கறுப்பாக்கி, விரிசல் உள்ள இடத்தில் மட்டும் வெள்ளையால் தடவுங்கள். கண், உதடு, முடிப் பக்கம் போக வேண்டாம். கண்ணில் உள்ள ஒளிப்புள்ளியையும் அது விரிசல் என்றே நினைத்துத் துடைத்துவிடும்.

கண்: அடுத்த கண்ணை நகலெடுத்துத் திருப்பி ஒட்டுவது எல்லோருக்கும் தோன்றும் முதல் யோசனை, பெரும்பாலும் தவறான யோசனையும் அதுதான். திருப்பும்போது ஒளிப்புள்ளியும் திரும்பிவிடும். வலக்கண்ணில் 10 மணி திசையில் இருக்கும் புள்ளி, ஒட்டிய கண்ணில் 2 மணி திசைக்குப் போகும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் மாறுகண் மாதிரி உறுத்தும். நிழலும் மூக்கின் தவறான பக்கத்தில் விழும். மடிப்பு 14 பிக்சல் என்றால் அந்தக் கண்ணிலேயே முக்கால் பங்கு பத்திரமாக இருக்கிறது. இமைக்கோட்டை மடிப்பின் இரு பக்கத்திலிருந்தும் குளோனால் நீட்டி நடுவில் சேருங்கள். கருவிழி வட்டத்தைக் கருவிழியின் மிச்சத்திலிருந்தே எடுங்கள். மறு கண்ணைத் திருப்பித்தான் ஆக வேண்டும் என்றால் இமையின் மேற்கோட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒளிப்புள்ளி இரு கண்ணிலும் ஒரே திசையில் இருக்க வேண்டும்.

கடைசியாகத் துகள். பழுதுபார்த்த இடங்கள் வழவழவென்று நிற்கும், சுற்றிலும் வெள்ளித் துகளின் சொரசொரப்பு இருக்கும். 50 விழுக்காடு சாம்பல் லேயர், ஓவர்லே, மோனோகுரோமாட்டிக் நாய்ஸ் 3 விழுக்காடு அளவில், பிறகு காசியன் பிளர் 0.6 பிக்சலில் தொடங்கி, பக்கத்துத் துகளோடு ஒத்துப்போகும் வரை மாற்றுங்கள். பழுதுபார்த்த இடத்துக்கு மட்டும் மாஸ்க். இதை 100 விழுக்காட்டில் வைத்துத்தான் மதிப்பிட வேண்டும். 400 விழுக்காட்டில் உட்கார்ந்தால் துகளையெல்லாம் தூசி என்று நினைத்து அழித்துக்கொண்டே இருப்போம்.

---

நுண்கோடு

ஏஐ முகம் மாறுவது பற்றி. ஜிஎஃப்பிகான், கோட்ஃபார்மர் மாதிரியான முகச் சீரமைப்பு மாடல்கள் முகத்தைத் தனியாக வெட்டி 512 × 512 பிக்சலாக்கி வேலை செய்பவை. அவற்றைப் பழக்கியது எஃப்எஃப்எச்க்யூ என்ற தொகுப்பில் உள்ள 70,000 முகங்களைக் கொண்டு. உங்கள் 300 டிபிஐ ஸ்கேனில் முகம் 236 பிக்சல் உயரம். பாக்கி விவரத்தை மாடல் எங்கிருந்து கொண்டுவரும்? பழகிய முகங்களிலிருந்துதான். மச்சத்தை அது அழுக்கு என்று எடுத்துக்கொள்கிறது. பல் இடைவெளியை மூடும், இமை மடிப்பை மாற்றும், தோலை வழவழப்பாக்கும்.

கோட்ஃபார்மரில் 0 முதல் 1 வரை ஃபிடெலிட்டி மதிப்பு ஒன்று உண்டு. 0 பக்கம் போனால் படம் அழகாகும், 1 பக்கம் போனால் மூலத்துக்கு நெருக்கமாகும். 0.8க்குக் கீழே முகத்துக்குப் போக வேண்டாம் என்பேன். வந்த முடிவை மூலத்தின் மேல் லேயராக வைத்து, கலப்பு முறையை டிஃபரன்ஸ் ஆக்கிப் பாருங்கள். மாறாத இடம் கறுப்பாகவும், மாடல் மாற்றிய இடம் வெளுத்தும் தெரியும். கண், வாய், காது மடல் வெளுத்திருந்தால் அந்த இடங்களை மாஸ்க்கில் மறைத்துவிடுங்கள்.

பின்னணிச் சுவர், துணி, தரை இவற்றில் பெரிய ஓட்டை இருந்தால் ஏஐ கொண்டு நிரப்பலாம். நேரம் நிறைய மிச்சமாகும், அங்கே யாருடைய அடையாளமும் இல்லை. முகத்தில் இருப்பதைத்தான் மீட்க வேண்டும். இல்லாததைக் கொண்டுவந்து ஒட்டினால், அடுத்த தலைமுறை அதையே அவருடைய முகம் என்று நம்பும்.

---

தாழ்வாரம்

மிக்க நன்றி. 1200 டிபிஐ வண்ணத்தில் மறுபடி ஸ்கேன் செய்தேன். சிவப்புச் சேனலில் டேப் கறை உண்மையிலேயே போய்விட்டது, நம்பவே முடியவில்லை. வெள்ளை உதட்டை அடியில் தள்ளும் யோசனையில் கிழிசல் ஒன்று முழுதாக மூடிவிட்டது.

இன்னும் இரண்டு. கோட்டும் தலைமுடியும் சாம்பல் பூத்த மாதிரியே வருகின்றன, அந்த ஈயப் பளபளப்புதான் என்று நினைக்கிறேன். கர்வ்ஸில் கறுப்பாக்கினால் திட்டுத்திட்டாக ஆகிறது. 8 × 10 பிரிண்ட்டுக்கு எப்படி வெட்டுவது?

---

இருட்டறை

ஆமாம், அது வெள்ளிப் பூப்பு. படத்தில் உள்ள வெள்ளி காலப்போக்கில் ஆக்ஸிஜனேற்றம் அடைந்து, அயனியாக மேலே நகர்ந்து, பரப்பில் மறுபடி வெள்ளியாகப் படிகிறது. வெள்ளி நிறைந்த இடம் கறுப்பு என்பதால் கறுப்பில்தான் அதிகம் தெரியும். அது கண்ணாடி மாதிரி ஒளியைத் திருப்பி அடிப்பதால் ஸ்கேனரில் மூடுபனிபோல விழுகிறது. அடியில் இருக்கும் விவரம் மறைந்த பிறகு கர்வ்ஸ் என்ன செய்தும் பயனில்லை. அடியில் படம் பத்திரமாக இருக்கும், ஒளியைத்தான் மாற்ற வேண்டும். பஞ்சால் தேய்த்து எடுக்கச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.

கேமராவில் குறுக்குப் போலரைசேஷன் முறையில் (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் ஃபில்டர்களை விளக்கிலும் லென்ஸிலும் குறுக்காக வைத்து) எடுங்கள். படத்தை மேசையில் தட்டையாக வைத்து, இரண்டு பக்கமும் 45 பாகையில் ஒரே மாதிரி இரண்டு விளக்கு. இரண்டின் முன்னும் போலரைசிங் ஷீட், இரண்டும் ஒரே திசையில். லென்ஸில் போலரைசிங் ஃபில்டர். படத்தின் பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்து, வியூஃபைண்டரில் பார்த்துக்கொண்டே லென்ஸ் ஃபில்டரைச் சுழற்றுங்கள். ஒரு நிலையில் நாணயம் பளபளப்பு இழந்து இருண்டுவிடும், படத்தில் கோட்டு ஆழ்ந்த கறுப்பாகத் திரும்பி வரும். அந்த இடத்தில் நிறுத்துங்கள்.

இரண்டு ஃபில்டரும் ஒளியை நிறையத் தின்னும். டிரைப்பாட் கட்டாயம்: ஐஎஸ்ஓ 100, எஃப்/8, டைமர். ஷட்டர் நேரம் ஒரு வினாடி ஆனாலும் பரவாயில்லை. அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள், ஷீட் வழியே வராத ஒளி பளபளப்பை மறுபடி கொண்டுவந்துவிடும். கேமரா படத்துக்கு இணையாக இருக்கிறதா என்று பார்க்க, படம் வைக்கும் இடத்தில் சிறு கண்ணாடி ஒன்றை வையுங்கள். கண்ணாடியில் தெரியும் லென்ஸ் வியூஃபைண்டரின் நட்டநடுவில் இருந்தால் சரி. மேக்ரோ லென்ஸ் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் துண்டு துண்டாக நெருங்கி எடுத்துச் சேர்க்கலாம்.

கோட்டுக்கும் முடிக்கும் மட்டும் இந்தப் படத்தை மாஸ்க்கில் கொண்டுவந்து, முகத்துக்கு ஸ்கேனையே வைத்துக்கொண்டாலும் போதும்.

---

ஒட்டுத்தையல்

வெட்டுவது பற்றி: 9 × 12 என்பது 3:4, 8 × 10 என்பது 4:5. இரண்டும் பொருந்தாது. 8 அங்குல அகலத்துக்கு நிரப்பினால் உயரம் 10.67 வரும், மேலும் கீழும் சேர்த்து அங்குலத்தில் மூன்றில் இரண்டு பங்கு வெட்டுப்படும். தலைக்கு மேல் இடம் குறைவாக இருந்தால் 7.5 × 10 அளவில் வைத்து, இரு பக்கமும் கால் அங்குலம் வெள்ளை விட்டுவிடுங்கள். எதுவும் போகாது.

லேயர்களோடு ஒரு கோப்பைத் தனியாகச் சேமித்துவிட்டு, அதன் நகலை ஒன்றாக்கி, 300 பிபிஐக்கு (அங்குலத்துக்கு 300 பிக்சல்) குறைத்து, அதன் பிறகே ஷார்ப்பன்: அன்ஷார்ப் மாஸ்க் 80 விழுக்காடு, ரேடியஸ் 1. பெரிய கோப்பில் ஷார்ப்பன் செய்துவிட்டுச் சிறிதாக்கினால் அது வீண். பிரிண்ட்டுக்கு 8 பிட், எஸ்ஆர்ஜிபி.

வண்ணத் தாளில் கறுப்பு வெள்ளை போடும்போது பச்சையோ ஊதாவோ லேசாக அடிக்கும். முழுப் படத்தையும் போடுவதற்குள், முகமும் கோட்டும் சேர்ந்து வரும்படி 2 அங்குலப் பட்டை ஒன்றை மட்டும் சோதனைக்குப் போட்டு, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கோட்டின் மடிப்புகள் தனித்தனியாகத் தெரியாமல் ஒரே கறுப்பாக அடைத்திருந்தால், கர்வ்ஸில் நிழல் பகுதியை மட்டும் சற்றுத் தூக்கிவிட்டு மறுபடி ஒரு பட்டை போட்டுப் பாருங்கள்.